ஊனுண்ணும் உயிருக்கு இரையிடுதல்

பிற உயிர்க்கு உணவிடுவதைத் தமிழ் அறமரபு ஐயத்துக்கு இடமில்லாத நற்செயலாகவே கொண்டுவந்திருக்கிறது. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்து மானாவாரிச் சிற்றூர்களில், மழை பொய்த்த ஆண்டிலும்கூட, வாசலில் இடும் அரிசிமாக் கோலம் எறும்புக்கும், உண்ணுமுன் எடுத்துவைக்கும் ஒரு பிடி சோறு காக்கைக்கும், அமாவாசையன்று கொடுக்கும் அகத்திக்கீரை பசுவுக்கும் உரியவை என்ற எண்ணம் தளர்ந்ததில்லை. இக்கொடைகள் அனைத்திலும் கொடுக்கப்படுவது நிலத்தில் விளைந்த பொருள் என்பதும், பெறும் உயிர் கொடுப்பவரை மட்டுமே நம்பி வாழ்வதில்லை என்பதும் சொல்லப்படாமலே அடங்கியிருக்கின்றன. ஒரு வீட்டில் சோறு வைக்காவிட்டால் காக்கை அடுத்த வீட்டுக் கூரைக்குப் போகும், எறும்பு தன் வழியே இரைதேடும். இவ்விரண்டும் இல்லாத இடத்தில், அதாவது ஊனைத் தவிர வேறெதையும் உண்ணாத ஓர் உயிரை, அது தானாக இரைதேட வழியில்லாத ஓரிடத்தில் அடைத்துவைத்து, வேறு உயிர்களைக் கொன்று அதற்கு ஊட்டும்போது, அந்த ஊட்டல் அறமாகுமா என்பது எளிதில் விடைசொல்லக்கூடிய கேள்வி அன்று. வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் கணவாய் வளர்ப்பது இக்கேள்வியை முழுக் கூர்மையோடு எழுப்புகிறது.

கணவாய் என்ற பொதுப்பெயருக்குள் தூத்துக்குடிக் கடற்கரையார் ஊசிக்கணவாய், ஓட்டுக்கணவாய், பேய்க்கணவாய் என வேறுபடுத்திச் சொல்பவற்றில் இங்கு பேசப்படுவது ஓட்டுக்கணவாய். அதன் முதுகுத் தோலுக்கு உள்ளே இருக்கும் வெள்ளை ஓடு, நுண்ணிய சுண்ண அறைகளால் ஆனது. அந்த அறைகளில் உள்ள நீரையும் வாயுவையும் கூட்டிக் குறைத்தே அவ்வுயிர் நீரில் மிதக்கும் நிலையைச் சரிசெய்துகொள்கிறது. உள்நாட்டில் கடலையே பார்த்திராதவர்களுக்கும் இந்த ஓடு பழக்கமானதுதான்: நாட்டுமருந்துக் கடைகளில் கடல்நுரை என்ற பெயரில் விற்பதும், லவ் பேர்ட்ஸ் கூண்டுக் கம்பியில் அலகு தேய்க்கச் செருகிவைப்பதும் இதுவே. மன்னார் வளைகுடாவில் மிகுதியாகப் பிடிபடும் இனம் உடல்நீளம் 40 சென்டிமீட்டர் வரையும் எடை 5 கிலோ வரையும் வளரக்கூடியது. வீட்டுத் தொட்டிகளில் வளர்ப்பவர்கள் பெரும்பாலும் நாடுவது உள்ளங்கையளவே வளரும் குட்டையினத்தை. எந்த இனமாயினும் எட்டுக் கைகள், இரை பிடிக்க மட்டும் வெளிவரும் இரண்டு நீள்கரங்கள், மூன்று இதயங்கள், செம்பு கலந்த புரதத்தால் நீலப்பச்சையாகத் தோன்றும் குருதி ஆகியவை பொது. ஓராண்டு அல்லது ஈராண்டே ஆயுள் என்பதும் பொது.

அது உண்ணும் முறையைச் சற்று அருகிலிருந்து நோக்காமல் அறக்கேள்வியை எடைபோட முடியாது. உயிருள்ள இறால் ஒன்று தொட்டிக்குள் விடப்பட்டதும் கணவாய் தன் அசைவை நிறுத்தி, அலைபோல் வளைந்த கண்மணிகள் இரண்டையும் முன்னோக்கித் திருப்பி, முன்கைகளை உயர்த்தி, தோலில் கருமையும் வெண்மையுமான பட்டைகளை ஓடவிட்டபடி மெல்ல நெருங்குகிறது. உரிய தொலைவு கிட்டியதும் அதுவரை மறைந்திருந்த நீள்கரங்கள் இமைப்பொழுதுக்குள் பாய்ந்து, நுனியிலுள்ள உறிஞ்சிகளால் இறாலைப் பற்றி இழுக்க, கைகளின் நடுவே இருக்கும் அலகு அதைக் கடிக்கிறது. நண்டாயின், அதன் இடுக்கி எட்டாத பின்புறமாகப் பிடித்து, நச்சுள்ள உமிழ்நீரால் செயலிழக்கச் செய்து உண்கிறது. முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சு, மைசிட் என்னும் சிற்றிறாலை இதே முறையில்தான் பிடிக்கிறது. அசையாத உணவைப் பெரும்பாலும் அது இரையென்றே கொள்வதில்லை. ஐரோப்பியக் கணவாயின் கருக்களை வைத்து நடந்து 2008இல் வெளியான ஓர் ஆய்வு, முட்டையின் தெளிந்த தோல் வழியாக நண்டுகளைக் கண்ட கருக்கள் பொரித்த பின் நண்டையே விரும்பின என்று காட்டியது. பிறவிக்கு முன்பே உயிரில் பதிந்து, பிறந்தபின் விருப்பமாக வெளிப்படும் தடத்தை வேதாந்த நூல்கள் வாசனை என்று குறிக்கின்றன. அச்சொல் முற்பிறவிகளைக் கருதியது என்றாலும், இரைக்கான வேட்கை பிறக்கும்போதே உடன்வருகிறது என்ற அளவில் கணவாயின் கரு அதற்கு வியப்பான ஒரு சான்றாகிறது.

கரிசல் நிலத்தில் இத்தகைய உயிரை வைத்திருப்பது என்றால், கடலையே கையால் செய்து தருவது என்று பொருள். விருதுநகர் மாவட்டத்துக்குக் கடற்கரை இல்லை. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. ஆகவே 400 லிட்டர் தொட்டி ஒன்றுக்கு 14 கிலோ உப்புக்கலவை வேண்டும், அதுவும் மக்னீசியமும் கால்சியமும் பிறவும் கடலில் உள்ள விகிதத்தில் சேர்ந்ததாக இருக்க வேண்டும் என்பதால், தூத்துக்குடி உப்பளத்து உப்பு மட்டும் போதாது. மிகுதியாகக் கழிவு வெளியேற்றும் இவ்வுயிருக்கு நீரை அடிக்கடி மாற்றியாக வேண்டும். வெளியேற்றும் உவர்நீரை மல்லிகைத் தோட்டத்திலோ வாய்க்காலிலோ கொட்டினால் அந்த மண் கெடும். சித்திரை வெயிலில் நீரின் சூடு ஏறாமல் குளிரூட்டி ஓடவேண்டும், மின்சாரம் நின்றால் உயிர்வளி குறையும், தூய்மையற்ற நீரில் செம்பு சிறிதளவு கலந்தாலும் உயிர் போகும். குழாயில் எந்த நாள் தண்ணீர் வரும் என்று காத்திருந்து குடங்களில் பிடித்துவைக்கும் ஊரில் இச்செலவே ஓர் அறக்கேள்வி; ஆயினும் அது சிறியது. பெரியது, அந்தத் தொட்டிக்குள் கணவாய்க்கு வளர்ப்பவரைத் தவிர வேறு உலகமே இல்லை என்பது. காக்கைக்குச் சோறிடுபவர் அதன் வாழ்வில் ஒரு சிறு பங்கை ஏற்கிறார். கணவாயை அடைத்தவர் அதன் நீர், வெப்பம், ஒளி, இரை, இறப்பு அனைத்தையும் ஏற்கிறார்.

இவ்வளவு பொறுப்புக்கு உரிய உயிர்தானா அது என்ற ஐயத்துக்குப் பழைய நூல்களின் வழியே ஒரு விடை கிடைப்பதுபோல் தோன்றும். தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுக்கும்போது, உடலால் உணர்வது மட்டும் உள்ளவற்றை முதலிலும், நாவால் சுவைப்பதும் சேர்ந்தவற்றை இரண்டாவதிலும், பின்னர் முகர்தல், காணல், கேட்டல், மனம் எனக் கூட்டிக்கொண்டே சென்று மற்றவற்றையும் வைக்கிறது. நத்தை முதலிய ஓட்டுயிர்கள் அதில் இரண்டறிவினவாக நிற்கின்றன. சமணரின் உயிர்வகைப்பாடும் சங்கு, சிப்பி போன்றவற்றுக்கு ஊறும் சுவையும் மட்டுமே தருகிறது; எத்தனை பொறிகள் உண்டோ அத்தனை மிகுதியான துன்பம் உண்டாகும் என்பதால், இல்லறத்தார் குறைந்த பொறியுடைய உயிர்களுக்கு நேரும் தீங்கை முற்றிலும் தவிர்க்க இயலாவிடினும் மிகுந்த பொறியுடையவற்றைக் கொல்லலாகாது என்ற ஒழுக்கம் அதன்மேல் எழுந்தது. இவ்வொழுக்கம் இந்த வட்டாரத்துக்கு அயலானது அன்று. 9, 10ஆம் நூற்றாண்டுகளில் குறண்டியில் இருந்த திருக்காட்டாம்பள்ளி என்னும் சமணப் பள்ளியின் ஆசிரியர், மாணாக்கர் பெயர்களை மதுரைச் சமணமலையின் வட்டெழுத்துக் கல்வெட்டுகள் தாங்கியிருக்கின்றன. அருப்புக்கோட்டையை அடுத்த கோவிலாங்குளத்தில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் இன்றும் உள்ளன. எறும்பை மிதிக்காமல் நடக்கக் கற்பித்தவர்கள் இதே கரிசல் தடங்களில் நடந்தவர்கள்.

உடலமைப்பால் கணவாய் நத்தையின் இனத்தைச் சேர்ந்த மெல்லுடலி. வரிசையை எழுத்துப்படி கொண்டால் அது இரண்டறிவுயிர்களோடு போய்ச் சேரவேண்டும். ஆனால் அதன் கண் முதுகெலும்புள்ள உயிர்களின் கண்ணுக்கு நிகரான கூர்மையுடையது. நிறம் பிரித்தறியாத அந்தக் கண்ணைக் கொண்டே அது தரையின் நிறத்தையும் பரப்பையும் தன் தோலில் எழுதிக்காட்டுகிறது. 2021இல் அலெக்சாண்ட்ரா ஷ்னெல் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட சோதனையில், ஆறு கணவாய்களுக்கு, உடனே எடுத்துக்கொள்ளக்கூடிய இறந்த இறால் துண்டும், பொறுத்திருந்தால் மட்டும் திறக்கும் அறையில் உயிருள்ள சிற்றிறாலும் காட்டப்பட்டன; அவை முன்னதைத் தொடாமல் 50 முதல் 130 நொடிகள் வரை காத்திருந்தன. கையெட்டும் தூரத்தில் இருப்பதை மறுத்து வரவிருப்பதற்காகப் பொறுத்திருப்பது மனம் என்ற ஒன்றில்லாமல் கூடுமா என்று கேட்பவரைத் தொல்காப்பியர் மறுத்திருக்க மாட்டார் என்றே எண்ணத் தோன்றுகிறது. ஏனெனில் ஆறறிவை மக்களுக்கு உரியதாகச் சொன்ன கையோடு, அக்கிளையில் பிறவும் உண்டு என்று அவர் ஒரு வாயிலைத் திறந்தே வைத்தார், உரைமரபு அதன் வழியே ஒருசார் விலங்குகளையும் உள்ளே கொண்டுவந்தது. அறிவை எண்ணிப் பார்த்து உயிர்க்கு மதிப்பிடுவது தவறன்று. எண்ணிக்கை முடிந்துவிட்டது என்று கருதுவதே தவறு.

சட்டமும் தாமதமாக இதே இடத்துக்கு வந்திருக்கிறது. பிரிட்டனில் 2022இல் இயற்றப்பட்ட விலங்குநல உணர்திறன் சட்டம் கணவாய், பேய்க்கணவாய் வகைகளையும் நண்டு, இறால் வகைகளையும் துன்பம் உணரும் உயிர்களாக ஏற்றது. அதாவது தொட்டியில் உண்பதும் உண்ணப்படுவதும் ஒரே பட்டியலில் இடம்பெற்றன. மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் எடுத்த முயற்சியின் தொடர்ச்சியாக உருவான இந்தியாவின் 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டமோ, மனிதர் அல்லாத எந்த உயிரும் விலங்கே என்று தொடக்கத்திலேயே வரையறுத்துவிட்டது. அதன் 11ஆம் பிரிவு, அசைந்தாட இடம்போதாத கூண்டிலோ கலத்திலோ அடைப்பதையும், வைத்திருப்பவர் போதிய உணவு தராமல் விடுவதையும் குற்றமாக்குவதோடு, கேளிக்கைக்காக மட்டும் ஓர் உயிரை அடைத்து மற்றோர் உயிருக்கு இரையாக்குவதையும் தடுக்கிறது. கணவாய் வேட்டையாடும் காட்சியை விருந்தினருக்குக் காட்டவென்றே இறாலை உள்ளே விடுபவர் இந்த வாசகத்தை ஒருமுறையேனும் நினைத்துப் பார்ப்பது நல்லது.

எனினும் கேள்வியின் நடுமையத்தைச் சட்டம் தொடவில்லை. அதைத் தொட்டவர் வடலூர் இராமலிங்க அடிகள். பசி என்னும் துன்பத்தை நீக்குவதே கடவுள் வழிபாடு என்று கண்டு, 1867இல் சத்திய தருமச்சாலையில் அடுப்பை மூட்டிய அவர், சீவகாருணிய ஒழுக்கத்தை, அதாவது எல்லா உயிரிடத்தும் உருகும் இயல்பை, விளக்கும்போதே அதற்கு எதிராக எழக்கூடிய ஒரு வாதத்தைத் தாமே எடுத்துக்கொள்கிறார்: பசித்த உயிருக்கு ஊட்டுவது அறமாயின், ஊனுண்ணும் உயிருக்கு ஊன் தருவதும் அறம்தானே என்பது அவ்வாதம். ஓர் உயிரைக் கொன்று மற்றோர் உயிரின் பசியைத் தீர்ப்பது சீவகாருணியமே ஆகாது, கடவுளுக்கு ஒப்பும் ஆகாது என்பது அவர் தீர்ப்பு. கொல்லப்படும் உயிரிலும் இறையொளியின் அதே கூறு விளங்குகிறது என்பதால், ஒன்றின் பசியை ஆற்ற மற்றொன்றின் ஒளியை அணைப்பது கொடையாகக் கணக்கில் ஏறாது. விதையும் காயும் கனியும் ஏன் இக்குற்றத்தில் சேர்வதில்லை என்பதற்கும் அவர் விடை சொல்லியிருக்கிறார் என்பதே, அவர் இதை மேலோட்டமாகக் கடந்துபோகவில்லை என்பதற்குச் சான்று.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் நிற்பது சிபியின் கதை. பருந்திடமிருந்து புறவைக் காக்கத் தன் தொடையை அறுத்த அந்த மன்னனைச் சோழர் தம் முன்னோனாகக் கொண்டாடினர், புறநானூற்றுப் புலவர் அவனை நினைவூட்டிப் பாடினர். ஆனால் அக்கதையில் பருந்து பேசும் பேச்சு போதிய கவனம் பெற்றதில்லை. புறவைக் காப்பது அறமென்றால் என் பசியைப் பொருட்படுத்தாதது எந்த அறம் என்பதே பருந்தின் வழக்கு. சிபி அந்த வழக்கைத் தள்ளுபடி செய்யவில்லை. அதன் நியாயத்தை ஏற்றுக்கொண்டே, வேறோர் உயிரை அதற்கு ஈடாகத் தராமல் தன்னையே தந்தான். இதன் கூர்மை வளர்ப்பவருக்கு உறைக்க வேண்டும்: கணவாயின் பசி உண்மையானது, அதன் இரை அதற்கு இயற்கை வகுத்தது, அதில் அதற்குப் பாவமில்லை. பருந்துக்கும் புறவுக்கும் நடுவே சிபி அமரவில்லை, அவை அவனிடம் வந்தன. தொட்டி வைத்தவரோ இரண்டையும் விலைகொடுத்து வாங்கி ஓரிடத்தில் சேர்க்கிறார். காட்டிலோ கடலிலோ நிகழும் கொலைக்குச் சாட்சியாக மட்டும் இருப்பவருக்கு உள்ள விடுதலை அவருக்கு இல்லை.

தமிழ்நாட்டுச் சமயவாழ்வு ஊனுண்ணும் உயிரைச் சோற்றுக்கு அழைத்துப் பார்த்த ஓரிடமும் உண்டு. திருக்கழுக்குன்றத்து மலைமேல், நண்பகலில் இறங்கிவரும் இரண்டு கழுகுகளுக்கு அர்ச்சகர் சர்க்கரைப் பொங்கல் ஊட்டும் வழக்கம் பல தலைமுறை நிலைத்து, 1990களின் இறுதியில் பறவைகள் வருவது நின்றதோடு முடிந்தது. அவை பிணந்தின்னிக் கழுகுகள். எதையும் உண்ணப் பழகக்கூடியவை, பறந்து போகவும் வரவும் விடுதலை உடையவை. கணவாய்க்குப் பொங்கல் வைக்க இயலாது, அதன் உடல் மாவுணவை உணவாக்கிக்கொள்ள அமைந்ததன்று. கருணையால் அதன் இயல்பை மாற்றலாம் என்று எவரேனும் முயன்றால் அது பட்டினியாகவே முடியும்.

நடைமுறையில் எஞ்சும் வழி, உயிருள்ள இரையிலிருந்து இறந்த இரைக்குப் பழக்குவது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் விழிஞ்ஞத்தில் மன்னார் வளைகுடா இனத்தை முட்டையிலிருந்து வளர்த்தபோதும் தொடக்கத்தில் உயிருள்ள மைசிட்டும் சிற்றிறாலும் கொடுத்துப் பின்னர் இறந்த மீனுக்கும் இறாலுக்கும் பழக்கினர். பனியில் உறைந்த இறாலைக் குச்சி நுனியில் செருகி உயிருள்ளதுபோல் அசைத்துக் காட்டினால் வளர்ந்த கணவாய் நாளடைவில் ஏற்கிறது. இதனால் கொலை நீங்கிவிடுகிறதா? தமக்கென்று கொல்லப்பட்டதாகக் காணாத, கேளாத, ஐயுறாத ஊனை ஏற்கலாம் என்பது பழைய பௌத்தத் துறவொழுக்கம்; சமணர் அதை ஏற்கவில்லை, நீலகேசி பௌத்தரோடு வாதிடும் இடங்களில் இவ்வழக்கு கடுமையாகவே நடக்கிறது. வள்ளுவரும் தின்பார் இல்லையேல் விற்பாரும் இல்லை என்ற கருத்தைச் சொல்லி, வாங்கும் கைக்கும் கொல்லும் கைக்கும் இடையே போட்ட திரையை விலக்கிவிட்டார். அந்த வாதம் வலுவானது. ஆயினும் மீன்சந்தையில் மனிதர் உண்ணாமல் கழிக்கும் பொடி இறாலை எடுத்துவந்து உறையவைத்து ஊட்டுபவர், அந்தக் கொலையின் காரணமாக அல்லாமல் அதன் மிச்சத்தைப் பயன்கொள்பவராக இருக்கிறார் என்பதையும், கண்ணாடிக்குள் ஓடி ஒளிய இடமில்லாத இறாலின் அச்சம் அங்கே நிகழ்வதில்லை என்பதையும் அறம் எடைபோடாமல் விட முடியாது. குற்றம் குறைகிறது, இல்லாமல் போவதில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் இரையைப் பற்றி மட்டுமே பேசுவது கேள்வியின் பாதிதான், ஏனெனில் இரையிடும் கடமையே அடைத்துவைத்ததால் பிறந்தது. 1879இல் திருச்சுழியில் பிறந்த ரமண மகரிஷி, திருவண்ணாமலையில் பசு, நாய், அணில், குரங்கு, மயில் ஆகியவற்றோடு ஐம்பதாண்டுக்கு மேல் வாழ்ந்தவர். அணில்களுக்குக் கையால் பருப்பு ஊட்டியவர். 1948 ஜூன் 18இல் இலட்சுமி என்ற பசு இறந்தபோது அருகிருந்து அதற்குச் சமாதி எழுப்பச் செய்தவர். அவர் எவ்வுயிரையும் தேடிச்சென்று கொண்டுவரவில்லை, வந்தவற்றை விருந்தாக ஏற்றார். 1947இல் பரோடாவிலிருந்து வெள்ளை மயில் ஒன்று காணிக்கையாக வந்தபோது, இங்குள்ள மயில்கள் இதனோடு பிணங்குமே, பூனைகளிடமிருந்து வேறு காக்க வேண்டுமே, இதன் ஊருக்கே அனுப்பிவிடலாம் என்ற பொருள்பட அவர் சொன்னதை ஆசிரமக் கடிதங்களில் சூரி நாகம்மா பதிவுசெய்திருக்கிறார். மயில் அங்கேயே தங்கிவிட்டது, அவரும் அதை அன்போடு பேணினார். இவ்விரண்டு செயலின் வரிசையே இங்கு முக்கியம்: அந்த உயிரின் நலம் எங்கே என்ற கேள்வி முதலில் எழுந்தது, வந்து தங்கிவிட்ட பின் பேணுதலில் குறை வைக்கப்படவில்லை.

அவ்வரிசைப்படி நோக்கினால், கணவாயை உண்பவர் உலகில் கோடிக்கணக்கில் இருக்க, வளர்ப்பவரை மட்டும் வினவுவது ஏன் என்ற மறுப்புக்கும் விடை கிடைக்கிறது. மீனவர் தம் வயிற்றுக்காகப் பிடிக்கிறார், அந்தக் கணவாய் பிடிபடும் நாள்வரை கடலில் வாழ்ந்தது. தொட்டிக் கணவாய்க்கு அழகு, வியப்பு, தனிமையில் ஒரு துணை ஆகிய வளர்ப்பவரின் தேவைகளே காரணம். அவை இழிந்தவை அல்ல, ஆனால் ஓர் உயிரின் முழு வாழ்நாளையும் அதற்காக மடியும் நூற்றுக்கணக்கான இறால்களையும் அவற்றின் விலையாகக் கேட்கும் அளவுக்கு உயர்ந்தவையும் அல்ல. அச்சத்தில் பின்னோக்கிப் பாயும் கணவாய் கண்ணாடியில் மோதி உடலின் பின்முனையைப் புண்ணாக்கிக்கொள்வதும், அப்புண் சீழ்பிடித்து உயிரைக் குடிப்பதும் வளர்ப்பவர் அறிந்த செய்தியே.

ஆகவே புதிதாக வாங்குவதற்கு இவ்வறநெறிகளில் எதுவும் துணைநிற்பதாகத் தெரியவில்லை. ஏற்கெனவே தொட்டியில் இருக்கும் கணவாயைப் பட்டினியிடுவதற்கும் அவை துணைநிற்கவில்லை. அதற்கு எஞ்சிய சில மாதங்களுக்கு, இயன்றவரை இறந்த இரையைத் தந்து, அகன்ற தொட்டியில், ஆணையும் பெண்ணையும் சேர்க்காமல் வைத்திருப்பதே செய்யத்தக்கது. சேர்த்தால் பெண் கொத்துக்கொத்தாக முட்டையிட்டுப் பின்னர் இறந்துபோகும். ஒரு மாத அளவில் பொரிக்கும் குஞ்சு ஒவ்வொன்றும் பசியோடு வந்து, நாளுக்குப் பலமுறை உயிருள்ள இரையையே கேட்கும். அயலினக் குஞ்சுகளைக் கொண்டுபோய் வேம்பாற்றுக் கடலில் விட்டால் அங்குள்ள உயிர்களுக்கு நோயும் போட்டியும் விளையும் என்பதால் அவ்வழியும் அடைபட்டது. பிறந்துவிட்ட பசியை மறுக்க எவருக்கும் உரிமையில்லை. அப்பசி தொட்டிக்குள் பிறக்க விடுவதா என்பதை முட்டை இடப்படுவதற்கு முன்பே வளர்ப்பவர் முடிவுசெய்துவிட வேண்டும்.